மூல நட்சத்திரமும் ஓர் ஆங்கிலச் சொல்லும்

கல்யாண பயோடேட்டாவை இங்கிலீஷில் எழுதிக் கொடுக்கும் தொழிலில், பையனின் உயரத்தைக் கொஞ்சம் இழுக்கலாம், பெண்ணின் நிறத்தைக் கொஞ்சம் வெளுக்கலாம். நட்சத்திரம் என்ற வரியில் மட்டும் கை வைத்தால் சுட்டுவிடும். கல்யாண வயதில் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு, மேட்ரிமோனி பக்கங்களைக் கட்டைவிரல் தேயத் தள்ளிக்கொண்டிருக்கும் சக பாவிகளே, இதை உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நான் செங்கல்பட்டில் கான்வென்ட்டில் படித்தவள், திருப்போரூரில் வாழ்க்கைப்பட்டவள். மகன் ஹாஸ்டலுக்குப் போனபிறகு, சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்து இந்த வேலையை ஆரம்பித்தேன். பொறுமை எனக்குக் கொஞ்சம் கம்மி. ராகு கேதுவை நம்பாதவள் என்றும் ஊரில் பெயர். இந்த இரண்டையும் சோதித்துப் பார்ப்பதற்கென்றே சில பேர் என் வீட்டு காலிங் பெல்லை அழுத்துகிறார்கள்.

ஒற்றை ஆளுக்கு ஒட்டாது

ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் ஒருவர் வந்தார். பையனுக்கு இரண்டு சம்பந்தம் கூடி வந்து கலைந்துவிட்டதாம். பயோடேட்டாவில், "என் மகன் ஒரு ஸ்டார்-கிராஸ்ட் யுவன்" என்று போடச் சொன்னார். எங்கேயோ படித்திருக்கிறார், கேட்கக் கம்பீரமாக இருந்திருக்கிறது. படிக்கிறவர்களுக்கு மனசு இளகும் என்பது அவர் கணக்கு.

எங்கள் கான்வென்ட் சிஸ்டர் இந்தச் சொல்லை நடத்திய விதம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. இரண்டு பேர் மனசார ஒன்றுசேர நினைத்து, அதற்கு அவர்களுடைய நட்சத்திரங்கள் ஒப்புக்கொள்ளாமல் குறுக்கே நின்றால் மட்டும்தான் அந்த ஜோடிக்கு இந்த அடைமொழி. சண்டை போட்டுப் பிரிந்தவர்களுக்கு வராது. தப்பு அவர்கள் பேரில் இருந்தாலும் வராது. வேலை போனவன், பரீட்சையில் தோற்றவன் என்று தனி ஆளுக்கு ஒட்டினால் சிஸ்டர் ஸ்கேலை எடுத்துவிடுவார். இதையெல்லாம் ஹெட்மாஸ்டருக்கு விளக்கி, "சார், இது ஒரு ஆளுக்குப் போடுற வார்த்தை இல்லை, இன்னொருத்தர் வேண்டும்" என்றேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்: "அந்த இன்னொருத்தரைத் தேடத்தானே மேடம் பயோடேட்டாவே எழுதறோம்?"

முதல் பாதம்

சுலோச்சனாவுக்கு வருகிறேன். எங்களுக்கு அடுத்த தெரு. வீட்டுக்காரர் வேன் ஓட்டுகிறார். ஒரே பெண் தேன்மொழி, நாவலூரில் ஐ.டி. வேலை. படிப்பு, சம்பளம், களை, எல்லாம் இருந்தது. நட்சத்திரம் மூலம், அதிலும் முதல் பாதம். பெண் மூலத்தில் பிறந்தால் மாமனாருக்கு ஆகாது என்று நம் ஆட்கள் அலறுவது உங்களுக்குத் தெரியும். "அந்த லைனை மட்டும் காலியா வுட்டுடுங்க மேடம்" என்றாள் சுலோச்சனா. காலியாக விட்டால் எல்லாக் கண்ணும் முதலில் அங்கேதான் போகும், பிறந்த நேரத்தை வைத்து எந்த ஜோசியரும் ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவார் என்று அதட்டி, உள்ளதை உள்ளபடி எழுதினேன்.

செங்கல்பட்டில் ஒரு குடும்பம், நட்சத்திரத்தைப் பார்த்த பிறகும், எங்களுக்கு இதிலெல்லாம் நம்பிக்கையில்லை, ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறோம் என்று போன் செய்தது. பேசியவர் பையனின் அப்பா. கணீரென்ற குரல் என்றாள் சுலோச்சனா. சனிக்கிழமை காலை அவர் குளியலறையில் வழுக்கி விழுந்து, மத்தியானத்துக்குள் போய்விட்டார்.

ஈரத் தரையில் வழுக்கி விழுவதற்கு நட்சத்திரம் எதற்கு, சோப்புத் தண்ணீர் போதாதா என்று நான் கேட்டேன். சுலோச்சனா என் முகத்தைப் பார்க்கவில்லை. துக்கம் விசாரிக்க அவள் போன் செய்தபோது அந்த வீட்டு அம்மா பேசியதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். "ஒரு வார்த்தை திட்டல மேடம். மெதுவா, 'இனிமே இதை யாருக்கும் அனுப்பாதீங்கம்மா'ன்னாங்க. திட்டியிருந்தாக்கூட தேவலை."

திறக்காத ஃபைல்

அடுத்தது தரகர் முனுசாமி மூலமாக, மதுராந்தகம் பக்கம் ஒரு இடம். பயோடேட்டாவை அந்த வீட்டுப் பெரியவரின் வாட்ஸாப்புக்கு நானே அனுப்பினேன். போய்ச் சேர்ந்ததற்கு இரண்டு டிக் விழுந்தது. பார்த்ததற்கு நீல நிறம் வரவே இல்லை. சாயங்காலம் முனுசாமி போன் செய்தார். பெரியவர் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லையாம். போன் மார்பு மேலேயே இருந்ததாம்.

பார்க்கவே இல்லையே, பார்க்காத காகிதம் என்ன செய்யும் என்று வாதாடினேன். அது என் பக்கம் வலுவான வாதம் என்றுதான் நினைத்தேன். ஊர் அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டது: திறக்காமலே இந்த வேலை செய்திருக்கிறது என்றால், திறந்திருந்தால்? அன்றைக்கு என் வீட்டுக்காரர் தட்டை எடுத்துக்கொண்டு சாப்பாட்டு மேசையிலிருந்து எழுந்து ஹாலுக்குப் போய்விட்டார். என்ன என்று கேட்டால், "அந்த ஃபைல் லேப்டாப்ல திறந்து கிடக்கு. எனக்கும் ஒரு பையன் இருக்கான்ல" என்றார். இருபத்தைந்து வருஷம் இந்த மனிதரோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன், பாருங்கள்.

முனுசாமி மறுநாள் நேரிலேயே வந்து வாசலோடு நின்றுகொண்டார். போனை நீட்டி, அந்த ஃபைலை நானே அழித்துத் தரவேண்டும் என்றார். அவர் விரல் அதன்மேல் படக்கூடாதாம். "நானும் ஒரு பொண்ணுக்கு மாமனாருதான் மேடம். இதை சட்டைப் பாக்கெட்ல வெச்சுகினு நான் எங்கன்னு சுத்தறது?"

வேறு யாரும் இல்லையே?

அதற்குப் பிறகு தேன்மொழியே என்னைப் பார்க்க வந்தாள். கூட வேலை பார்க்கும் பிரபுவுக்கும் அவளுக்கும் இரண்டு வருஷமாகப் பழக்கம் என்றாள். வீட்டில் சொல்லவில்லை. மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரத்தில் அவன் ஊர். அவன் அப்பா ஏழுமலை, அணுபுரம் பக்கத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போகும் வேன் டிரைவர். நட்சத்திரம் தெரிந்ததிலிருந்து பிரபுவின் அம்மா வசந்தா அழுதுகொண்டே இருக்கிறாளாம். இவளும் பிரபுவை விட்டு விலகிவிடலாம் என்றுதான் அம்மா பார்த்த இடங்களுக்கெல்லாம் தலையாட்டியிருக்கிறாள். தலையாட்டிய இரண்டு வீட்டிலும் சாவு விழுந்துவிட்டது.

"கேன்டீன்ல எங்க டீம் லீட் எங்களைப் பார்த்து ஸ்டார்-கிராஸ்ட் கப்பிள்னார் ஆன்ட்டி. எல்லாரும் சிரிச்சாங்க. அப்படின்னா சரியா என்ன?" என்று கேட்டாள். முதன்முதலாக என்னிடம் அந்தச் சொல்லைச் சரியான இடத்தில் வைத்துக் கேட்ட ஆள். சிஸ்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். இரண்டு பேர் வேண்டும், இருவருக்கும் ஆசை இருக்கவேண்டும், தடை வெளியிலிருந்து வரவேண்டும், உங்கள் மேல் குற்றம் இருக்கக்கூடாது. "அந்தச் சொல்லைப் போட்டாலே, நீ நிரபராதி என்று அர்த்தம்" என்றேன்.

அதில் அவள் ஆறுதல் அடைந்ததாகத் தெரியவில்லை. "அந்த மாதிரிக் கதையில கடைசியில யாரு ஆன்ட்டி சாவாங்க?" என்று கேட்டாள். எனக்குப் பொய் வராது. பெரும்பாலும் அந்த இரண்டு பேருமேதான் என்றேன். அவள் முகத்தில் அப்போது நிம்மதிதான் வந்தது. "நாங்கதானா? அப்படின்னா பரவாயில்லை ஆன்ட்டி. வேற யாரும் இல்லல்ல?"

இங்கிலீஷில் மட்டும்

ஆனி மாசம் ஒரு நாள் வசந்தாவே வந்து இறங்கினாள். பிரபு வெளியே பைக்கில் உட்கார்ந்து தலையைக் குனிந்தபடி இருந்தான். விஷயம் தெரிந்து இரண்டு வீட்டிலும் கல்யாணத்துக்கு ஒப்புக்கொண்டுவிட்டார்களாம், ஆவணியில் முகூர்த்தமாம், பத்திரிகை இங்கிலீஷில் வேண்டுமாம். "அவங்க அப்பா பேருக்கு முன்னால லேட்டுன்னு போடும்மா" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எப்போது, எப்படி என்று கேட்டேன். "இன்னும் இல்லம்மா. வூட்ல நல்லாத்தான் கீறாரு" என்றாள்.

பிறகு விவரமாகச் சொன்னாள். மூலம் மாமனாரைத் தேடி வரும். வந்து பார்க்கும்போது, அந்த வீட்டில் மாமனார் என்று ஒருவரே இல்லையென்றால்? ஏற்கெனவே செத்தவரை என்ன செய்யமுடியும்? அதனால் ஏழுமலையின் போட்டோவுக்கு மாலை போட்டு, விளக்கேற்றி, பரிகாரம்தான் என்று காதில் போட்டு, அவர் போய்விட்டதாகச் சொந்தக்காரர்களுக்குச் சொல்லியனுப்பிவிட்டார்கள். பெண் வீட்டுக்கும் சொல்லித்தான் செய்திருக்கிறார்கள். சுலோச்சனா கையெடுத்துக் கும்பிட்டாளாம். ஆக, இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஏமாற வேண்டிய ஒரே ஆள், வானத்தில் இருக்கிறது.

நட்சத்திரம் இருக்கும் தூரத்துக்கு உங்கள் வீட்டுப் போட்டோ தெரியுமா, அது கல்யாணப் பத்திரிகை படிக்குமா என்று வாய்க்கு வந்தபடி கேட்டேன். உயிரோடு இருப்பவரை நான் லேட் என்று தட்டமாட்டேன் என்றும் சொன்னேன். வசந்தா கோபப்படவே இல்லை. நட்சத்திரம் நுழையக் கடைசிக் கதவை நான் மட்டும் சாத்தாமல் வைத்திருப்பதுபோல என்னைப் பார்த்துக் கெஞ்சினாள். "நாங்க செய்ய வேண்டியதெல்லாம் செஞ்சிட்டோம்மா. இப்ப இங்கிலீஷ்ல மட்டும்தான் அவரு உயிரோட கீறாரு."

பொட்டு இருந்த இடம்

பிரபு வீட்டுக்கு நிச்சயத் தட்டு மாற்றப் போகும்போது சுலோச்சனா என்னையும் வேனில் ஏற்றிக்கொண்டாள். சவுக்குத் தோப்பைத் தாண்டி, உப்புக் காற்றில் ஜன்னல் கம்பியெல்லாம் துருவேறிய வீடு. கூடத்தில் நுழைந்ததும் போட்டோ. மல்லிகை மாலை, சிவப்பு பல்ப், கீழே எரியும் காமாட்சி விளக்கு. டிரைவர் லைசென்ஸுக்கு எடுத்த படத்தைப் பெரிது பண்ணியிருக்கிறார்கள். அவர் முகத்தில், ஏதோ கேட்கப் போகிறவர்போல வாய் லேசாகத் திறந்திருந்தது.

வசந்தா தண்ணீர் கொண்டுவந்தாள். வெறும் நெற்றி. பொட்டு இருந்த இடம் மட்டும், வெயில் படாமல் வட்டமாக வெளுத்திருந்தது. கால் விரலில் மெட்டி இல்லை, மெட்டி இறுக்கிய பள்ளம் இருந்தது. தாலியைக் கழற்றத்தான் மனசு வரவில்லை போலிருக்கிறது. ரவிக்கைக்குள் தள்ளி, முந்தானையைக் கழுத்தோடு சுற்றியிருந்தாள். சொந்த மகனுக்குத் தட்டு மாற்றும்போது, அவள் தொடக்கூடாது என்று நாத்தனார் முன்னால் வந்து நின்றாள். வசந்தா தானாகவே கதவோரம் ஒதுங்கிப் போனாள். போட்டோவைப் பார்த்து யாரோ ஒருத்தி விசும்பினாள். சுலோச்சனா தேம்பினாள். கொஞ்ச நேரத்தில் அந்தக் கூடமே அழுதது. அத்தனை பேருக்கும் தெரியும், அந்த மனிதர் சுவருக்கு அந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருக்கிறார் என்று.

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. கதவோரம் போய், "போதும் நாடகம்" என்று வசந்தாவின் காதில் சொன்னேன். அவள் கை ஐஸ் மாதிரி இருந்தது. "நாடகம்னுதாம்மா நெனச்சேன். பொட்டைத் தொடைச்சதும் மெய்யாலுமே உள்ள ஏதோ அறுந்து பூடுச்சி."

காக்காவுக்கு வைத்த சோறு

கை கழுவப் பின்பக்கம் போனேன். தென்னை மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, பனியனும் லுங்கியுமாக ஏழுமலை உட்கார்ந்திருந்தார். போட்டோவில் இருந்ததில் பாதி ஆள்தான் நாற்காலியில் இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். "நீதான் இங்கிலீஷ் மேடமா? என்னை எழுதிட்டியாம்மா?" இன்னும் இல்லை என்றேன். "எழுதிடு தாயி. பாதி செத்துகினு பாதி இருக்கறது ஒரே பேஜாரா கீது."

பிறகு என் பயோடேட்டா வேலையைப் பற்றிக் கேட்டார். பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல இங்கிலீஷில் ஏதோ ஒரு வார்த்தை இருக்கிறதாமே, மருமகள் பிரபுவிடம் சொன்னாளாமே, அதில் மாமனார் வருகிறாரா என்றார். வரமாட்டார், அது இரண்டு பேரோடு முடிந்துவிடும் என்றேன். "நம்ம ஊரு நட்சத்திரந்தான் குடும்பம் மொத்தத்துக்கும் வந்து நிக்குது" என்று சிரித்தார். சிரிக்கும்போது மதில் மேல் ஒரு காக்கா வந்து உட்கார்ந்தது. அங்கே இலையில் சோறும் மீன் குழம்பும் இருந்தது. செத்தவருக்குப் படைக்கிறதுபோல வசந்தா முதல் நாள் ஒப்புக்கு வைத்தாளாம். மறுநாளிலிருந்து அந்த நேரத்துக்கு அது தானாக வந்து கூப்பிடுகிறதாம்.

அது பொறுமையாகத் தின்றது. மீனை முள் பிரித்துத் தின்றது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார், அவர் தொண்டைக்குழி அதன் தொண்டையோடு ஏறி இறங்கியது. சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "அது தின்னு முடிச்சா எனக்கு வவுறு ரொம்பிப் பூடுதும்மா. அப்புறம் சோத்தைப் பார்த்தா தேவப்பட மாட்டேங்குது."

கடலுக்கு மேலே

திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. கடற்கரைச் சாலையில் ஒரு திருப்பத்தில், தென்கிழக்கே கடலுக்கு மேலே விருச்சிகம் ஏறிக்கொண்டிருந்தது. தேள் மாதிரியே கொடுக்கைச் சுருட்டிக்கொண்டு. அந்தக் கொடுக்கில் இருப்பதுதான் மூலம். சிஸ்டர் பள்ளிக்கூட மொட்டை மாடியில் காட்டியிருக்கிறார். அழகாகத்தான் இருந்தது. இதற்கா இத்தனை என்று நினைத்து, ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, "அதோ பார் சுலோச்சனா, உன் பெண்ணின் நட்சத்திரம்" என்றேன்.

அவள் பாய்ந்து என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள், கண்ணாடியை ஏற்றினாள். "கை காட்டாதீங்க மேடம். அந்த வூட்லருந்துதான் வர்றோம்னு அதுக்குத் தெரிஞ்சிடப் போவுது."

கைரேகை

கொஞ்ச நாள் கழித்து ஏழுமலையே என் நம்பருக்குப் போன் செய்தார். ரேஷன் கடை மெஷினில் அவர் கைரேகை விழவில்லையாம். எல்லா விரலையும் வைத்துப் பார்த்தாராம். வயசானால் ரேகை தேய்ந்துபோகும், வருஷக்கணக்காக ஸ்டியரிங் பிடித்த கை வேறு, என் மாமியாருக்கும் அப்படித்தான் இருந்தது என்று விளக்கினேன். அவருக்கும் அது தெரிந்துதான் இருந்தது. வேன் ஓட்டவும் இப்போது வேறு ஆளாம். பிள்ளைகளைப் பெற்றவர்கள் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்களாம். வழக்கமாகக் கையாட்டும் குழந்தைகள், வேன் ஜன்னல் வழியாக அவரைப் பார்த்தால் கையைக் கீழே போட்டுக்கொள்கிறார்களாம்.

இதெல்லாம் கல்யாணம் வரைக்கும்தானே, பிறகு மாலையைக் கழற்றிவிடலாமே என்றேன். "மெஷினு எனக்குப் பெருசில்லம்மா. 'அடுத்தவங்க வாங்க'ன்னு கடைக்காரரு சொன்னதும், நானே ஒண்ணும் கேக்காம வழி வுட்டு ஒதுங்கிக்கினேன். அதான் பயமா கீது."

என்னால், எனக்காக

இதற்குமேல் எனக்கு வாய் சும்மா இருக்காது. தேன்மொழியைக் கூப்பிட்டு, பார்த்ததையும் கேட்டதையும் சொன்னேன். போட்டோவுக்கு மாலை போட்டது அவளுக்குத் தெரியும். ஏதோ பரிகாரம், கல்யாணம் ஆனதும் முடிந்துவிடும் என்று பிரபு சொல்லியிருக்கிறான். மதில் மேல் இலை வைப்பது தெரியாது. லீவு போட்டு நேராக அந்த வீட்டுக்குப் போனாள். சாயங்காலம் திரும்பி வந்து என் மேசை முன்னால் உட்கார்ந்தவளின் கையில் காய்ந்த மல்லிகை நார் இருந்தது. ஸ்டூல் போட்டு ஏறி அவளே மாலையை எடுத்திருக்கிறாள். "பத்திரிகையில மாமா பேரை மட்டும் போடுங்க ஆன்ட்டி. முன்னால ஒண்ணும் வேணாம்."

பின்னாலேயே சுலோச்சனா ஓடிவந்தாள். என் வீட்டு ஹாலில் தாயும் மகளும் போட்ட சண்டையில் என் வீட்டுக்காரர் மாடிக்கே போய்விட்டார். "நாளைக்கே அந்த ஆளுக்கு ஒண்ணுன்னா உன்னைத்தான்டி சொல்லுவாங்க! ஆயுசுக்கும் சொல்லுவாங்க! கொலைகாரின்னு கூப்புட்டுகினே உன் கையால காபி வாங்கிக் குடிப்பாங்க!" என்று மார்பில் அடித்துக்கொண்டாள் சுலோச்சனா. அவள் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. உங்களுக்கும் எனக்கும் நம் ஜனங்களைத் தெரியாதா?

தேன்மொழி அம்மாவைக் கட்டிப்பிடித்து அடக்கினாள். குரல் உயரவே இல்லை. "என்னால செத்தார்னு நாளைக்கு ஊரு சொல்லட்டும்மா, கேட்டுக்கறேன். எனக்காக செத்தார்னு இன்னைக்கு நான் சொல்லிக்க முடியாது."

வாசலில் நின்றவர்

ஆவணி முகூர்த்தம், திருப்போரூர் மண்டபம். பட்டுக்கரை வேட்டியும் புதுச் சட்டையுமாக, பன்னீர்ச் செம்போடு வாசலில் நின்று ஏழுமலையே வருகிறவர்களை வரவேற்றார். உள்ளே வசந்தா காலணா அளவுக்குப் பொட்டு வைத்து உட்கார்ந்திருந்தாள். ஆனால் செத்துவிட்டார் என்பது எல்லாருக்கும் போய்ச் சேர்ந்த அளவுக்கு, அது பரிகாரம்தான் என்பது தூரத்துச் சொந்தங்களுக்குப் போய்ச் சேரவில்லை. அவர் "வாங்க வாங்க" என்று முன்னால் வர வர, கூட்டம் பின்னால் போனது. ஒரு பெரியம்மா பன்னீர் பட்ட கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். பாதிப் பேர் சாப்பாட்டுக் கூடத்துப் பக்கவாட்டு வழியாகச் சுற்றி உள்ளே போனார்கள். அவர் விடாமல் காலி வாசலைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். விஷயம் முழுக்கத் தெரிந்த நானே, அவர் பன்னீர் தெளிக்கும்போது ஒரு நொடி தோளை ஒதுக்கினேன். ஏன் என்று கேட்காதீர்கள்.

தாலி கட்டி முடிந்ததும் மணமக்கள் காலில் விழ வந்தார்கள். பிரபு குனிந்து தரையைத் தொட்டு எழுந்தான். தேன்மொழி எழவில்லை. அவருடைய இரண்டு பாதத்தையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே கிடந்தாள். நாதஸ்வரக்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் நிறுத்திவிட்டார். மண்டபமே அமைதியானபோது, ஏழுமலை குனிந்து அவளிடம் கேட்டது கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. "எம்மேல ஒரு கை பட்டு எத்தினி நாளாச்சி மருமவளே. காலு சூடாத்தான் கீதா? நல்லாப் பாத்து சொல்லு."

இப்போது

போன வாரம் தேன்மொழி வந்தாள். ஆபீஸ் தோழி ஒருத்திக்குப் பயோடேட்டா எழுத வேண்டுமாம். கல்யாணம் ஆகி ஒரு வருஷம் தாண்டிவிட்டது. நான் அவளை உட்காரச் சொல்வதற்கு முன்னால், "மாமா எப்படி இருக்கார்?" என்றுதான் கேட்டேன். எப்போது பேசினாலும் அதைத்தான் முதலில் கேட்கிறேன் என்று அவள் சிரித்தபோதுதான் எனக்கே உறைத்தது. நன்றாக இருக்கிறார். வேன் ஓட்டுகிறார். மீன் இல்லாமல் சோறு இறங்காது. லேசாகச் சளி, இருமல், டாக்டர் பயப்பட ஒன்றுமில்லை என்கிறார்.

நீயும் நன்றாகத்தானே இருக்கிறாய், பிரபு ஒழுங்காக இருக்கிறானா, தூங்குகிறாயா, கண்ணுக்குக் கீழே ஏன் இப்படிக் கறுத்திருக்கிறது என்று அதட்டினேன். எல்லாம் நன்றாக இருக்கிறது, மாமியார்கூட ஒரு சொல் சொன்னதில்லை என்றாள். தோழியின் ஜாதகத்தை என் பக்கம் தள்ளிவிட்டு, யாரோ வேறொருத்தியைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள்: "காலையில முழிப்பு வந்ததும் கண்ணைத் திறக்கமாட்டேன் ஆன்ட்டி. பக்கத்து ரூம்ல மாமா இருமுற சத்தம் கேக்குதான்னு படுத்தே இருப்பேன், கேட்ட பிறகுதான் எனக்கு விடியும்."

சிஸ்டர் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷில் அந்தச் சொல் காதலர்களின் கதையோடு முடிந்துவிடுகிறது; நம் பக்கத்தில் மொய் எழுதி, பந்தி முடிந்து, மண்டபத்துச் சாவியைத் திருப்பிக் கொடுத்த மறுநாள் காலையில்தான் அதற்கு வேலையே ஆரம்பிக்கிறது.